கடல் தாண்டிப் போன பெயர்

திருச்சி வானொலி நிலையம் எங்களுக்குப் பக்கத்து வீட்டுக் குரல் மாதிரி. புதுச்சேரி பிறகு வந்தது. ஆனாலும் விருத்தாசலத்தில் பீங்கான் கொட்டகைகளில் வேலை பார்த்த எங்கள் வயதுப் பெண்கள் யாரைக் கேட்டாலும் இலங்கை வானொலியைத்தான் முதலில் சொல்வார்கள். சினிமாப் பாட்டுக்கு ஏங்கிக் கிடந்த கூட்டம் என்று இன்றைக்கும் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நீலாவதியின் கதை அவர்களுக்குத் தெரியாது.

நீலாவதியும் நானும் தர்மராஜ் முதலாளியின் கொட்டகையில் ஒரே பலகையில் உட்கார்ந்து வேலை செய்தோம். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மைகளின் ஓரப் பிசிரைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் தடவி, சூளைக்கு அனுப்புவது எங்கள் வேலை. அவள் கணவன் அர்ச்சுனன் லாரி கிளீனர். உளுந்தூர்பேட்டை சாலையில் லாரி கவிழ்ந்து இறந்துபோனான். பிள்ளை இல்லை. அவளுக்கென்று அவன் வாங்கிக் கொடுத்திருந்த பொருள் ஒரு டிரான்சிஸ்டர்தான்.

காரியம் முடிந்த கையோடு அவள் மூத்தார், அதாவது அர்ச்சுனனின் அண்ணன் மாணிக்கவேல், அதை எடுத்துப் போய் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த தன் டீக்கடையில் வைத்துக்கொண்டார். கடையில் பொழுதுக்கும் பாட்டு ஓடியது. எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்; அங்கே இவள் கேட்டதற்கு, தாலியறுத்தவளுக்குப் பாட்டு ஒன்றுதான் கேடா என்றாராம். வருஷத் திவசம் முடியும்வரை நீலாவதி வாயைத் திறக்கவில்லை.

எழுபத்திரண்டாம் வருஷம் பொங்கல் கழிந்து ஒரு காலை, வேலைக்கு வரும் வழியில் அவள் அந்த டீக்கடைக்குள் நுழைந்தாள். பெஞ்சு நிறைய ஆம்பிளைகள். கல்லா மேல் பாடிக்கொண்டிருந்த ரேடியோவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"என்னா பண்ற நீ?" என்றார் மாணிக்கவேல்.

"எனக்கு அவரு வாங்கியாந்தது மாமா. எடுத்துட்டுப் போறேன்."

அணைக்கக்கூட இல்லை. அது பாடப் பாடக் கடைவீதி வழியாகவே நடந்து வந்தாள். துணிக்கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து நின்று பார்த்தார்களாம். கொட்டகையில் இருந்த எங்களுக்கு முதலில் பாட்டு கேட்டது, பிறகுதான் அவள் வந்தாள்.

சாயங்காலம் அவள் வீடு திரும்பியபோது துணிப்பெட்டி தெருவில் கிடந்தது. அதையும் தூக்கிக்கொண்டு, எங்களோடு வேலை செய்த பெரியநாயகிக்கு ஜங்ஷன் பக்கம் இருந்த வீட்டின் பின்கட்டில் குடியேறினாள். ரேடியோ மட்டும் பகலில் கொட்டகை ஜன்னலுக்கு வந்துவிடும். பாட்டு கேட்டால் கை ஓடாது என்று முதலாளி தடுத்துப் பார்த்தார். "கை வேற, காது வேற மொதலாளி" என்றாள் நீலாவதி. வேலை குறையவில்லை என்று தெரிந்ததும் அவரும் விட்டுவிட்டார்.

அப்புறம்தான் அந்தத் தபால் கார்டு. இலங்கைக்கு எழுதிப் போட்டால் நேயர் பெயரை வாசித்துப் பாட்டுப் போடுவார்கள். தன் பெயரை முதலில் எழுதி, தங்கம்மாள் என்று என் பெயரையும், பெரியநாயகி, எங்கள் கொட்டகையிலேயே வேலை செய்த வீராயி பெயர்களையும் சேர்த்து அனுப்பினாள். நாங்கள் மறந்தே போயிருந்த ஒரு மத்தியானம், விருத்தாசலத்திலிருந்து நீலாவதி என்று அறிவிப்பாளர் குரல் வந்தது. தொடர்ந்து எங்கள் மூன்று பேர் பெயரும். ரேஷன் கடையில்கூட எங்களை இன்னார் பெண்டாட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். கத்தியைக் கீழே வைத்துவிட்டோம். அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று இப்போது எனக்கு நினைவில்லை.

ஊரே கேட்டிருந்தது. வீராயியின் புருஷன் சண்டை போட்டான். மறுநாள் மாணிக்கவேல் கொட்டகைக்கே வந்து நின்றார்.

"பொம்பள பேரு கடலத் தாண்டிப் போயிட்டு வருது. எங்க குடும்ப மானம் என்னாவுறது?"

நீலாவதி பொம்மையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பேரு எங்கப்பா வச்சது மாமா. அது எங்க போனா உங்களுக்கு என்னா?"

அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி சூளைப் பக்கம் போய்விட்டார்.

அந்த வாரமே இன்னொரு கார்டு எழுதினாள். வீராயி தன் பெயரை முதலில் போடச் சொன்னாள். எழுதிக்கொண்டிருக்கும்போது, முந்தானையால் தலையை மூடிக்கொண்டு ஒரு பெண் கொட்டகைப் பின்வாசலில் வந்து நின்றாள். பார்த்தால், மாணிக்கவேலின் மனைவி பூவாயி.

"எம் பேரையும் போட்டுடு நீலா. பூவாயின்னு மட்டும். அவரு பேரச் சேக்காத."

ரேடியோ போனதும் டீக்கடைக் கூட்டம் எதிர்க்கடைக்குப் போய்விட்டதால் மாணிக்கவேல் புதிதாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். அந்தக் கார்டு வாசிக்கப்பட்டது அதில்தான், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது. பூவாயி என்றால் உங்க வீட்டு அம்மாவா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். கடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். ஆமாம், நான்தான் எழுதச் சொன்னேன் என்று பூவாயி நின்ற இடத்திலேயே சொன்னாளாம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. மறுநாள் அவராகவே வந்து சோறு போடச் சொன்னார்.

நீலாவதி அந்த வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பூவாயிதான், கொட்டகைக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமைதோறும் ஜங்ஷன் பக்கம் வருவாள், முக்காடு இல்லாமல், பட்டப்பகலில். நானும் போவேன். கதவைத் திறந்து போட்டு உட்கார்ந்து கேட்போம். தெருவில் போகிறவர்கள் யாராவது முகம் சுளித்தால் நீலாவதி எழுந்துபோய்ச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டிவிட்டு வருவாள்.