கடவுச்சொல் மாற்றித் தருகிற ஃபவுஸ்தோ

எங்கள் ஊர் அம்பாத்தோவில் பில் போடுகிற எல்லோரிடமும் ஒரு கையெழுத்துக் கோப்பு உண்டு. அதற்குள் ஆளின் சான்றிதழும் ரகசியச் சாவியும் இருக்கும். கடவுச்சொல் கொடுத்தால் திறக்கும், பில்லில் கையெழுத்து விழும், வரித்துறை ஏற்றுக்கொள்ளும். இவ்வளவு பத்திரமான பொருளை வாங்கிய அன்றே, கடவுச்சொல்லோடு சேர்த்துக் கணக்கருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுவோம். நானும் அனுப்பியிருக்கிறேன்.

கணக்கரோடு மனஸ்தாபம் வந்தால் ஃபவுஸ்தோ யான்சபாந்தாவிடம் போவோம். ரொட்டிக்கடைக்கு மேல் மாடியில் ஒற்றை அறை. முன்பு ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தான். டை கட்டச் சொன்னார்கள், வெளியே வந்துவிட்டான். கடவுச்சொல் மாற்ற அவன் எழுதியது பதினெட்டு வரிகள். பழைய சொல்லால் கோப்பைத் திறந்து, சான்றிதழையும் சாவியையும் எடுத்து, புதிய சொல்லால் மூடிப் புதுக் கோப்பாக எழுதும்.

தொடக்கத்தில் இரண்டு சொற்களையும் அந்த வரிகளுக்குள்ளேயே தட்டி வைப்பான். ஒருநாள் கோழிக்கடை மார்லேனே எட்டிப் பார்த்தாள். முந்தின நாள் வந்துபோன அவள் கணவனின் கடவுச்சொல் திரையில் அப்படியே இருந்தது. அது வேறொருத்தியின் பெயர். தெரு ஒரு வாரம் தூங்கவில்லை. அதன்பின் வந்தவர்களே தட்டட்டும் என்று விட்டுவிட்டான். அவர்கள் தட்டும்போது எழுந்து போய் ஜன்னலைப் பார்த்து நிற்பான்.

சந்தை நாளான ஒரு திங்கட்கிழமை நான் என் முறைக்காகக் காத்திருந்தேன். டோன்யா சொய்லா மனோபாந்தா மூச்சு வாங்க ஏறி வந்தார். பக்கத்து ஊர் செவாய்யோஸில் செருப்புப் பட்டறை வைத்திருப்பவர்; டோன்யா என்பது மரியாதைக்கு.

"ராசா, என் கையெழுத்துக் கோப்புக்குப் பூட்டை மாத்து. இப்பவே."

"பழசு யாருக்குத் தெரியும், டோன்யா?"

"என் கொம்பாத்ரே ரிகோபெர்த்தோவுக்கு. என் மகளோட ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்ன மனுஷன், அவருக்கு நான் கொமாத்ரே. கணக்கும் அவர்தான். எல்லாக் கடைக்காரங்களுக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சிருக்கார், ஞாபகம் வெக்க சுலபமாம்."

"அதனால?"

"போன வாரம் எதிர்ப்பட்டறைக்காரனோட பில்லு என் கையெழுத்துல போயிருக்கு! தப்பான கோப்பை எடுத்திருக்கார், அதுவும் வாயைத் திறந்து தொலைச்சிருக்கு. 'கை தவறிடுச்சு கொமாத்ரே'ங்கறார். அவன் செருப்பு ஒரு மழைக்குத் தாங்காது. அதுல என் பேரு!"

ஃபவுஸ்தோ ஜன்னலுக்குப் போனான். டோன்யா ஒற்றை விரலால் தட்டினார்.

"ரெண்டாவது தடவையும் அதையே அடிக்கணுமா?"

"ஆமா. கை தவறிப்போச்சுன்னா அப்புறம் உங்களுக்கே திறக்காது."

ஃபவுஸ்தோ புதுக் கோப்பை வைத்துத் திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் காட்டினான். டோன்யா பழைய சொல்லைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கோப்பு மறுத்தது. டோன்யா கைதட்டினார்.

"இனி கொம்பாத்ரே என் பேர்ல ஒரு செருப்பு வாருகூட விக்க முடியாது!"

அவன் பேசாமல் இருந்திருக்கலாம். அவர் சந்தோஷமாகப் போயிருப்பார்.

"டோன்யா, பூட்டு மாத்தினது உங்க பிரதிக்கு மட்டுந்தான். அவர்கிட்ட இருக்கிறது பழைய பாஸ்வேர்டுக்கே திறக்கும்."

"அப்ப இவ்வளவு நேரம் ஜன்னல்ல என்னத்தப் பாத்துக்கிட்டு நின்னே?"

"இதை நீங்க முதல்ல சொல்ல விடல."

டோன்யா உட்கார்ந்தார். போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிறபடி கொம்பாத்ரேயைக் கூப்பிட்டார்.

"என் கோப்பை அழிச்சிடுங்க கொம்பாத்ரே."

"அழிச்சிடறேன் கொமாத்ரே, அதுக்கென்ன. எதுல இருக்குன்னு பாக்கணும். ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பென்டிரைவ்... மச்சான்கிட்டயும் ஒண்ணு குடுத்து வெச்சேன், பத்திரத்துக்கு."

டோன்யா போனை மேஜையில் கவிழ்த்தார்.

"வேற வழி?"

"சான்றிதழையே ரத்து பண்ணணும். பண்ணினா எல்லாப் பிரதியும் செல்லாது. உங்களுதும்தான். புதுசு நாளைக்குத்தான் வரும்."

"மத்தியானம் ரியோபாம்பாவுக்கு லாரி போகுது. இருநூறு ஜோடி, பள்ளிக்கூடச் செருப்பு. பில்லு இல்லாம ஏத்த மாட்டான்."

டோன்யா நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டார்.

"முதல்ல ரியோபாம்பா பில்லைப் போடு. அது பாஸானதும் கொன்னுடலாம்."

புதுக் கோப்பில் அந்த ஒரு பில் போயிற்று. வரித்துறை ஏற்றது. ரத்து விண்ணப்பத்தில் காரணம் கேட்டது. 'சாவி பிறர் கையில் உள்ளது' என்பதைத் தேர்ந்தெடுத்து, பொத்தானை டோன்யாவே அழுத்தினார். ரத்தாகிவிட்டது என்று அரைமணியில் செய்தி வந்தது. கொம்பாத்ரேயின் கம்ப்யூட்டர்கள், பென்டிரைவ், மச்சான், எல்லாம் ஒரே நேரத்தில் ஓய்ந்தன. டோன்யா யோசித்து யோசித்துத் தட்டிய கடவுச்சொல்லும் ஒரு மணிநேரம்கூட வாழவில்லை.

"இனிமே சொல்லலாமே டோன்யா," என்றேன் நான். "என்னதான் வெச்சீங்க?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்றார் படியிறங்கிக்கொண்டே. "நாளைக்கு வர்றதுக்கும் அதேதான்."