அசிட்டோனுக்குக் கிடைத்த மரியாதை

எனக்கு ஒரகடம் பக்கம் ஒரு ஃபைபர் பட்டறையில் வேலை. பிசின் ஒட்டிய பிரஷ், உருளை எல்லாவற்றையும் அசிட்டோனில்தான் கழுவுவோம். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும். கையில் பட்டால் ஜில்லென்று இருக்கும், அடுத்த நிமிடம் காய்ந்துவிடும். வாடை மட்டும் சட்டையோடு வீடு வரைக்கும் வரும். வீட்டில் பட்டுத் தறி நெய்யும் என் மனைவிக்கு அது ஆகவே ஆகாது. "குளிக்காம தறிகிட்ட வராதீங்க, பட்டுல நாத்தம் ஏறிக்கும்" என்பாள். பட்டுக்கு மூக்கு இருக்கிறதா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

போன ஆவணியில் அவள் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை என் கையால்தான் நெய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தறியில் நூல்களைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற பண்ணையில், பார்டர் முடிகிற இடத்தில் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பது அவள் பழக்கம். அன்றைக்குப் புள்ளி அழிந்திருக்கிறது. தங்கையின் பாட்டிலை எடுத்துப் புதிதாக வைத்தவள், காயும் வரை பொறுக்காமல் பண்ணையை இழுத்து அடித்துவிட்டாள். ஈரப் புள்ளி அப்படியே ஜரிகையில் பதிந்துவிட்டது. கல்யாணத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

பட்டறைக்குப் போன் வந்தது. அழுகிறாள்.

"ஏங்க, பார்டர்ல நெய்ல் பாலிஷ் ஒட்டிக்கினு இருக்குது. கடைல வாங்கின ரிமூவர் இருக்குது, போட்டுத் துடைச்சிடட்டா?"

"தொடாத! அதுல தண்ணி, எண்ணெய், கலர் எல்லாம் கலந்திருக்கும். ஒரு கறை மூணு கறையாயிடும். நான் வரேன்."

முதலாளியிடம் கேட்டு, கொஞ்சம் அசிட்டோனை ஸ்டீல் பாட்டிலில் இறுக மூடி எடுத்து வந்தேன். பெரிய மேதாவி மாதிரி போனில் பேசிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். ஒருமுறை பட்டறையில் தங்க நிறக் கேடயம் ஒன்றைத் துடைக்கப் போய், தங்கம் முழுவதும் துணியோடு வந்துவிட்டது. இந்த ஜரிகை போலியாக இருந்தால் அதற்கும் அதே கதிதான்.

மிச்சமிருந்த ஜரிகையில் ஒரு துண்டை நனைத்துத் தேய்த்தேன். நிறம் போகவில்லை. நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் ஒரு துண்டையும் நனைத்துப் பார்த்தேன். சாயம் விடவில்லை. பிறகுதான் புடவையில் கை வைத்தேன்.

ஜன்னலைத் திறந்து, கறைக்கு அடியில் வெள்ளைத் துணி வைத்து, பஞ்சால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். தேய்க்கவில்லை. சிவப்பு கீழே துணியில் இறங்கியது. துணியை மாற்றி மாற்றி வைத்ததில், ஆறாவது தடவை துணி வெள்ளையாகவே இருந்தது. அப்பாடா என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே சாமி படத்துக்குப் போய்க் கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தாள். நான் போட்ட கத்தலில் தெருவே திரும்பியிருக்கும்.

"பத்தவைக்காத! வீடே எரிஞ்சிடும்!"

தீப்பெட்டியைக் கீழே போட்டாள். பஞ்சையும் பாட்டிலையும் வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தேன். வாடை போன பிறகுதான் கற்பூரம் ஏற்றினாள்.

கல்யாணத்தன்று தாலி ஏறும்போது எல்லோரும் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்கள். நாங்கள் இருவர் மட்டும் பார்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பளபளவென்று இருந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று காலை இரண்டு தடவை குளித்திருந்தேன்.