இறக்கத்தில் என் கால் செய்த வேலை

சேலத்தில் அந்தக் கண் டாக்டர் என் இடது கண்ணைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினார். ஒரு தாளில் முட்டை மாதிரி படம் வரைந்து, உள்ளே அம்புக்குறி போட்டு, விழித்திரை, அதன் நடுப்பகுதி, நீர் கோத்திருப்பது என்று சொல்லிக்கொண்டே போனார். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். பக்கத்தில் நின்ற என் மனைவிதான் குறுக்கே கேட்டாள்.

"ஏனுங்க டாக்டர், இவரு மலையில வண்டி ஓட்டலாங்களா, கூடாதுங்களா?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "கூடாதும்மா. ஒத்தக் கண்ணுல தூரம் சரியாத் தெரியாது."

இருபத்தாறு வருஷம் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் பஸ் ஓட்டியவன் நான். அந்த ஒரு வரியை முதலிலேயே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் புலம்பினேன். "நொம்பப் படிச்சுட்டா மனுசனுக்குப் பேசத் தெரியாமப் போயிருது" என்றேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்தபடி வந்தாள்.

டிப்போவில் எனக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்தார்கள். அதில் குறையில்லை. ஆனால் ஏற்காடு மலைமேல் கரடியூரில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு குட்டி யானை நின்றது. ரிட்டயர் ஆன பிறகு, சுற்றுவட்டாரத்து பட்டர் ஃப்ரூட்டையும் சவ்சவ்வையும் ஏற்றிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்கு ஓட்டலாம் என்று முன்கூட்டியே வாங்கிய சின்ன லோடு வண்டி. ஏழெட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் காய் அதில்தான் போகும் என்று நம்பியிருந்தார்கள். கூலிக்கு வந்த டிரைவர் இரண்டே வாரத்தில் நின்றுவிட்டார். விற்றுவிடலாம் என்றேன். "நான் ஓட்டறனுங்க" என்றாள் மனைவி.

சொன்னபடி சேலத்தில் ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். சமதளத்தில் நன்றாகவே ஓட்டினாள். மிச்சமிருந்தது மலைப்பாதை. இருபது கொண்டை ஊசி வளைவுகளில் லோடோடு இறங்குவதை எந்தப் பள்ளியிலும் சொல்லித் தருவதில்லை. ஊட்டுக்காரரே பஸ் டிரைவராக இருக்கும்போது என்ன கவலை என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதை நம்பினேன். காய் பறிப்பு முடிவதற்குள் அவள் பழகாவிட்டால் வண்டியை விற்பது என்று இருவரும் பேசி முடித்தோம்.

முதல் நாள் வெறும் வண்டியோடு கிளம்பினோம்.

"எப்பங்க கியரக் கொறைக்கோணும்?"

"வண்டியே சொல்லும்."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே."

"சத்தத்தக் கேளு புள்ள."

"எந்தச் சத்தமுங்க?"

அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதை ஒப்புக்கொள்ளவும் மனம் வரவில்லை. ஆகவே கத்தினேன். ஸ்டியரிங்கை ஒடி என்றேன், ஒடிக்காதே என்றேன், பிரேக்கை விடு என்றேன், விட்டதும் ஏன் விட்டாய் என்றேன். சில வளைவுகள் தாண்டியதும் பிரேக் சூடேறிய வாடை மூக்கில் ஏறியது. அவள் அகலமான ஓர் இடம் பார்த்து வண்டியைத் திருப்பினாள். வீடு வந்து சேர்ந்தோம். சாவியை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"அந்த டாக்டரு பரவால்லீங்க. கேட்டதுக்கப்பறமாச்சும் ஒரு வார்த்த புரியறாப்ல சொன்னாரு."

சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய்யில்லை என்பதால் இன்னும் அதிகமாகச் சுட்டது. அந்தப் பாதை எனக்குத் தெரியும். அதில் எனக்கு என்ன தெரியும் என்பதுதான் தெரியவில்லை. ஆரம்ப காலத்தில் பயந்து பயந்து, எண்ணி எண்ணிச் செய்ததெல்லாம் எப்போதோ கைக்கும் காலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரியாமல் இருந்த காலம் எப்படி இருந்தது என்பதும் மறந்துபோயிற்று. பிறகு எதிரில் இருப்பவருக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது? டாக்டர் மேல் இருந்த கோபம் அன்றைக்குப் பாதி குறைந்தது.

வழி கண்டுபிடித்தது அவள்தான். மறுநாள் காலையில் "வாங்க, பஸ்ஸுல போயிட்டு வரலாம்" என்றாள். முன்சீட்டில் உட்கார்ந்தோம். இறக்கம் ஆரம்பித்ததும் அவள் ரோட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"இப்ப எதுக்குங்க தரைய மிதிச்சீங்க?"

குனிந்து பார்த்தேன். என் இடது கால் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டிருந்தது. வளைவு இன்னும் வரவேயில்லை.

"வளைவுக்கு முன்னாடியே கியரக் கொறச்சுரோணும். உள்ள போயிட்டு மாத்தக் கூடாது" என்றேன். இதை நான் அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை.

அடுத்த வளைவில், "கழுத்த எதுக்குத் திருப்பினீங்க?" என்றாள்.

திருப்பினேனா? திருப்பியிருக்கிறேன். "பள்ளத்துப் பக்கம் கீழ்ரோடு தெரியும். ஏறி வர்ற வண்டி இருக்குதான்னு பாக்கறது. ஏறி வர்றவனுக்குத்தான் மொதல்ல வழி உடோணும்."

சத்தமும் அப்படித்தான் பிடிபட்டது. "இப்பக் கேளு, இஞ்சின் இழுத்துப் புடிச்சு மொனகுது. அது மொனகற வரைக்கும் பிரேக்கத் தொட்டுத் தொட்டு விட்டாப் போதும். மொனகாம வண்டி ஓட்டம் புடிச்சா, கியர் பத்தலைன்னு அர்த்தம்." அவள் கேட்கக் கேட்க எனக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கேள்வி கேட்க ஆள் இல்லாமல்தான் இத்தனை வருஷம் உள்ளேயே கிடந்திருக்கிறது. அந்த வாரம் மூன்று தடவை பஸ்ஸில் போய் வந்தோம். "என்னங்கண்ணா, செக்கிங்கா?" என்று டிரைவர் கிண்டல் செய்தார்.

அதன் பிறகு வெறும் வண்டியில் பத்து நாள் பழகினாள். கத்துவதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்தேன், பெரும்பாலும் காப்பாற்றினேன். பறிப்பு முடிய ஒரு வாரம் இருக்கும்போது முதல் லோடு ஏற்றினோம். ஏழெட்டு வீட்டுக் காயும் பின்னால் இருந்தது.

பாதி மலை இறங்கியிருப்போம். இடப்பக்கம் பள்ளம். வளைவுக்கு முன்னாலேயே அவள் ஓரங்கட்டி நிறுத்திவிட்டாள். ரோடு காலியாக இருந்தது. எதற்கு நிறுத்தினாய் என்று அதட்ட வாயைத் திறந்தேன். அதற்குள் வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அது என் கெட்ட கண்ணின் பக்கம்.

பஸ் எங்களைத் தாண்டிப் போன பிறகு கேட்டேன். "எப்படித் தெரிஞ்சுது?"

"அதென்னமோ, தெரிஞ்சுதுங்க."

"அப்படிச் சொல்லாத புள்ள. என்ன பாத்தே?"

ஸ்டியரிங்கைப் பிடித்தபடி யோசித்தாள். "கீழ மூங்கிலுக்கு நடுவால ஏதோ பளிச்சுன்னு அடிச்சு மறைஞ்சுதுங்க. பஸ்ஸுக் கண்ணாடியா இருக்கும்னு நின்னுட்டேன்."

இருபத்தாறு வருஷமும் நான் பார்த்தது அதைத்தான். அதைச் சொல்ல ஒரு வாக்கியம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அடுத்த வளைவுக்கும் சொல்லு" என்றேன்.

கியரைக் குறைத்து வண்டியை எடுத்தாள். ஏறி வருவது என்ன, திரும்புவது எங்கே, எது எவ்வளவு தூரத்தில் என்று அடிவாரம் வரை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இறங்கினாள். கண் போன பிறகு முதல் தடவையாக அந்த ரோடு முழுசாக எனக்குத் தெரிந்தது.