அமாவாசைக்கு வரும் போன்

என் மாமனார் நாச்சிமுத்து கோபக்காரர் என்று எருமப்பட்டிப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நானும் அவருக்குச் சளைத்தவள் இல்லை. எட்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம், காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்பதுதான். என் கணவர் சபரிநாதன் காலையிலேயே நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அத்தை காலமான பிறகு பகல் முழுக்க வீட்டில் நாங்கள் இரண்டே பேர். மாமா கீழே, நான் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால்.

மாமா இருபத்தைந்து வருடம் ரிக் வண்டியில் இருந்தவர். திருச்செங்கோட்டு முதலாளி ஒருவரிடம் போர்வெல் போடும் ட்ரில்லராக வடக்கே பல மாநிலங்கள் சுற்றியிருக்கிறார். அந்தக் கம்ப்ரசர் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. நான் கத்திச் சொன்னால்தான் கேட்கும். நான் எப்போதும் கத்துவதற்கு அது ஒரு நல்ல காரணமாகவும் ஆகிவிட்டது.

வாசல் கதவை ஒட்டி ஒரு மர ஸ்டூலின் மேல் எங்கள் லேண்ட்லைன் போன் இருக்கும். மற்ற நாட்களில் அதைச் சீந்துவாரில்லை. அமாவாசை அன்று மட்டும், மதியம் பன்னிரண்டரை வாக்கில் அது அடிக்கும். அன்று மாமா பதினோரு மணிக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். எடுத்து, "காளியா, பேசு சாமி" என்பார். மறுமுனையில் பேச்சிருக்காது. "பேசு சாமி, நாந்தான்" என்று இன்னொரு தரம் சொல்வார். ஒரு நிமிடத்துக்குள் கட்டாகிவிடும். அன்றைக்கு மதியம் அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார்.

கல்யாணமான புதிதில் ஒரு அமாவாசைக்கு அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். போனை நான் எடுத்தேன். தூரத்தில் கடகடவென்று ஏதோ ஓடுகிற சத்தம். அதற்கு நடுவில், காதுக்குப் பக்கத்திலேயே, யாரோ மூச்சு விடுகிற சத்தம். "ஹலோ" என்றதும் வைத்துவிட்டார்கள். அதிலிருந்து அமாவாசை மதியத்தில் நான் மாடியை விட்டு இறங்குவதில்லை. சபரி என்னைப் பயந்தாங்கொள்ளி என்பார். அவர் மட்டும் என்ன, பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் இருக்கிறார், அந்தப் போனை ஒரு நாளும் தொட்டதில்லை.

நான் பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். பழைய கம்பி வழியாக வரும் இன்டர்நெட் தூறல் விழுந்தாலே படுத்துவிடும். மீட்டிங்கில் பாதிப் பேச்சில் நான் காணாமல் போக, மேனேஜர் ஒருமுறை எல்லார் முன்னாலும் சிரித்தார். அன்றைக்கே ஒரு தனியார் கம்பெனிக்குப் போன் செய்து ஃபைபர் இணைப்பு கேட்டேன். மாமாவிடம் சாயங்காலம் சொன்னேன்.

"நம்பரு?" என்றார்.

"புது நம்பர் குடுப்பாங்க மாமா. பழசை எடுத்தர்லாம்."

"வேண்டாம்."

"ஒரு பழைய நம்பருக்காக என்ற வேலை போகோணுங்களா?" என்று கேட்டேன். மாசம் ஒருமுறை ஊமைப் போன் வருவதற்காக ஒரு லைனை வைத்திருப்பது கிறுக்குத்தனம் என்றும் சொன்னேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் பதிலுக்குக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என்னை உட்காரச் சொன்னார்.

காளியப்பன் பக்கத்து ஊர்க்காரன். மாமாவின் வண்டியில், துளைபோடும் இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று மாட்டுகிறவன். 2003-இல் சத்தீஸ்கரில் ஒரு போர்வெல் கிணற்றில் அவன் சரியாக முடுக்காத ராடு கழன்று, குழிக்குள் விழுந்துவிட்டது. இரண்டு நாள் போராடியும் எடுக்க முடியவில்லை. அடுத்த ஊருக்குப் போகும் வழியில் மாமா அவனைத் திட்டிக்கொண்டே வந்தார். அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னான். "என்ற வண்டியில இருக்காத, எறங்குடா" என்று மாமா கத்தினார். அவன் இறங்கினான். ஒரு மைல் போய் மனசு கேட்காமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார்கள். ரோட்டில் ஆளில்லை. மூன்று நாள் தேடினார்கள், போலீசில் எழுதிக் கொடுத்தார்கள். கிடைக்கவே இல்லை.

"அவன் பொண்டாட்டி ராசாத்திகிட்ட, தானா கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிட்டான்னு சொல்லிப்போட்டேன். நாந்தான் எறக்கிவுட்டேன்னு இன்னிக்கு வரைக்கும் ஆருகிட்டயும் சொன்னதில்ல, உங்க அத்தைகிட்டக்கூட" என்றார்.

காளியப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, இந்தி தெரியாது. அவன் வீட்டில் போன் இல்லாததால் பெண்டாட்டிக்கு எந்தச் சேதி என்றாலும் எங்கள் வீட்டுக்குத்தான் பேசுவான். எங்கள் நம்பர் ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம். அவன் காணாமல் போனதோடு மாமா ரிக்கை விட்டு வீட்டோடு வந்துவிட்டார், சில மாதத்தில் அமாவாசைப் போன் தொடங்கியிருக்கிறது.

"சத்தத்தை நீயும் கேட்டியல்ல சாமி? அது கம்ப்ரசரு. எத்தன வருசம் அதுகூடவே கெடந்திருப்பேன், எனக்குத் தெரியாதா? எங்கியோ ரிக்குலதான் இருக்கறான். கோவம் தீரல, அதான் பேசமாட்டேங்கறான். அமாவாசைக்கு வண்டிக்குப் பூசை போட்டு வேலய நிறுத்துவாங்க, அந்நேரம் கூப்படறான்."

வேலையை நிறுத்தினால் கம்ப்ரசர் எப்படி ஓடும் என்று என் வாய் கேட்டுவிட்டது. பக்கத்து வண்டியாக இருக்கும் என்றார். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு மேலே கேட்க மனம் வரவில்லை.

தனியார் இணைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, டெலிபோன் ஆபீசில் போய் விசாரித்தேன். அவர்களே செம்புக் கம்பியை எடுத்துவிட்டு ஃபைபர் போடுகிறார்கள், அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம், மாற்றும்போது மட்டும் இரண்டு நாள் லைன் இருக்காது என்றார்கள். அமாவாசை கழியட்டும் என்றார் மாமா. கழிந்த மறுநாள் சிவபிரகாஷ் என்ற லைன்மேன், கறுப்புக் கேபிள் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்.

ஃபைபருக்கான மோடம் பெட்டியை எங்கே வைப்பது என்பதில் அரை நாள் போனது. மாடிப்படி ஓரம் வைத்தால் மேலே கீழே இரண்டுக்கும் சிக்னல் எடுக்கும் என்றார் சிவபிரகாஷ். மாமா, வாசல் ஸ்டூலை விட்டு எதுவும் நகரக்கூடாது என்றார். வாசலில் வைத்தால் இரண்டு சுவர் தாண்டி என் அறைக்கு ஒன்றும் வராது. கடைசியில் பெட்டி படிக்கட்டுச் சுவரில் ஏறியது. அதிலிருந்து போன் ஒயர் மட்டும் கதவு நிலையைச் சுற்றி ஸ்டூலுக்கு வந்தது. எல்லாம் முடிந்து சிவபிரகாஷ் கையைத் துடைக்கும்போது மாமா கேட்டார்.

"ஏனுங்க, கரண்டு போனா இது அடிக்குமுங்களா?"

"அடிக்காதுங்க. பழைய லைனுக்குக் கரண்டு எக்ஸ்சேஞ்சுல இருந்தே வந்துச்சு. இதுக்கு ஊட்டுக் கரண்டு வேணும்."

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. பெட்டிக்கு மட்டும் சின்னதாக ஒரு பேட்டரி நான் அன்றைக்கே வாங்கி மாட்டினேன். பழைய போனில் பேச்சு கேட்டது, ஆனால் இந்தப் பெட்டியோடு சேர்த்ததும் மணி அடிக்கவில்லை. அதனால் சிவபிரகாஷ் புதிதாக ஒரு செட்டைக் கொடுத்தார். யார் கூப்பிடுகிறார்கள் என்று நம்பர் காட்டும் செட்.

அடுத்த அமாவாசைக்கு நான் மாடியில் இருக்கவில்லை. பன்னிரண்டு முப்பத்திரண்டுக்கு அடித்தது. மாமா எடுத்து, "காளியா, பேசு சாமி" என்றார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, செட்டில் தெரிந்த பத்து எண்களையும் என் மொபைலில் குறித்துக்கொண்டேன். கட்டானதும், "எந்த ஊரு நம்பரு சாமி?" என்று கேட்டார். தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன் என்று மாடிக்கு ஓடினேன்.

கூப்பிட்டேன். அதே கடகட சத்தம். ஒரு பெண் குரல், "ஆருங்க?" என்றது.

நாச்சிமுத்து வீட்டு மருமகள் மதுமதி பேசுகிறேன் என்றேன். அவள் வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"ராசாத்திங்க" என்றாள். "கோழிப்பண்ணையில தீவனம் அரைக்கற மில்லுல இருக்கறனுங்க. கொஞ்சம் இருங்க, வெளிய வாரேன்."

வெளியே வந்து பேசினாள். அமாவாசைதோறும் கூப்பிட்டது அவள்தானாம், முதலில் பண்ணை ஆபீஸ் போனிலிருந்து, பிறகு தன் மொபைலிலிருந்து. இருபத்திரண்டு வருடம். எதற்காக என்று கேட்டேன்.

"அமாவாசைக்கு எல்லாரும் செத்தவங்களுக்கு எல போட்டுப் படைக்கறாங்க. தானா எறங்கிப் போனவருக்கு நான் என்னன்னு போடறதுங்க? வேறெவளையாவது சேத்துக்கிட்டு உசுரோட இருந்தாருன்னா? ஒருக்கா, சேதி ஏதாச்சும் வந்துச்சான்னு கேக்கலாம்னு கூப்புட்டேன். உங்க மாமா எடுத்ததும், காளியா, பேசு சாமின்னாரு. எனக்குப் பேச்சு வரல. இந்த ஊருல அவரு பேரச் சொல்லிக் கூப்படறதுக்கு வேற ஆரு இருக்கறாங்க? அதக் கேக்கறதுக்குத்தானுங்க."

மாமாவிடம் சொல்ல வேண்டாம் என்றாள். சொன்னால் அவர் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார் என்றாள்.

எனக்கு வயிற்றில் எதுவும் தங்காது. ஒரு வாரம் தாங்கினேன். நம்பர் எந்த ஊர் என்று அவர் தினமும் கேட்டார். எட்டாம் நாள் சொல்லிவிட்டேன், அரவை மில் உட்பட. அவர் திரும்பி அந்த ஸ்டூலைப் பார்த்தார்.

"அப்ப அவன் ஒருக்காக்கூடக் கூப்படல" என்றார்.

அந்த மாதம் முழுக்க எங்களுக்குள் ஒரு சண்டைகூட இல்லை. வீடு கிணறு மாதிரி இருந்தது. நான் ஏன் சொன்னேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அமாவாசை வந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போடவில்லை, கட்டிலில் படுத்திருந்தார். போன் அடித்தது. ஐந்து முறை, ஆறு முறை. நான் எடுக்கப் போனபோது அவரே எழுந்து வந்தார்.

"காளியா" என்றார். "நீயா எறங்கல சாமி. நாந்தான் உன்ன எறங்கச் சொன்னேன். கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறை. திரும்பி வந்தேன், நீ இல்ல. உம் பொண்டாட்டிகிட்ட நீயா போயிட்டேன்னு பொய் சொன்னேன். அவள உட்டுட்டுப் போற ஆளா நீ?"

மறுமுனையில் மில் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது. அவள் வைக்கவில்லை. மாமாவும் வைக்கவில்லை. நான் அடுப்படிக்குப் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அதற்கடுத்த அமாவாசைக்குப் போன் வரவில்லை. ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டதா, கூப்பிட்டுக் கேள் என்றார் மாமா. என் மொபைலில் போட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். மில் சத்தம் இல்லை. வீட்டில் இருந்தாள் போல.

"அவருக்கு எல போட்டுக்கிட்டு இருக்கறனுங்க" என்றாள் ராசாத்தி. "காக்காய்க்குச் சோறு வெச்சுப்போட்டு அப்பறம் பேசறேன்."

மாமாவுக்குக் கேட்டதா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை. என் கையிலிருந்த மொபைலைப் பார்த்தபடி நின்றார். பிறகு, சின்னப் பிள்ளை கேட்பதுபோல என்னிடம் கேட்டார்.

"அப்ப அவன் செத்துப்போயிட்டானா சாமி?"

நான் கத்தாமல், அவர் காதுக்கு அருகில் போய், "ஆமாங்க மாமா" என்றேன்.