ஏற்றத்தில் மட்டும் கேட்ட சத்தம்

பாலாநகர் மேம்பாலத்தில் ஏறும்போதுதான் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டேன். பின்னால் முப்பது செடித் தொட்டிகள் இருந்தன. மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை மிதித்ததும், எஞ்சினுக்குள் யாரோ தகர டப்பாவில் கோலிக்குண்டுகளைப் போட்டுக் குலுக்குவது போல ஒரு கிணுகிணுப்பு. காலை எடுத்தால் நின்றது. மிதித்தால் வந்தது. உச்சியைத் தாண்டி இறங்கும்போது சுத்தமாக இல்லை.

நான் செடிகளை வாடகைக்கு விடுகிறவள். ஜீடிமெட்லாவில் சில மருந்துக் கம்பெனி ஆபீஸ்களின் வரவேற்பறையில் நிற்கிற செடிகள் மெட்டுகுடாவில் என் வீட்டு மாடியில் வளர்ந்தவை. ஒவ்வோர் ஆபீஸிலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாடியதை எடுத்துவிட்டுத் தெளிந்ததை வைக்க வேண்டும். அதற்காக வைத்திருப்பது ஒரு பழைய பெட்ரோல் பிக்கப். கார்புரேட்டர் காலத்து வண்டி, காலேஜ் போகும் என் மகளைவிட மூத்தது.

அந்த வண்டிக்கு வைத்தியர் என் அண்ணன். என்னைவிட இரண்டு வயது மூத்தவன், லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் டூல் பாக்ஸோடு என் வீட்டுக்கு வந்துவிடுவான். வண்டிக்கு ஒன்றும் இல்லையென்றாலும் பானெட்டைத் திறந்து பார்த்தால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலில் ஜீடிமெட்லாவிலேயே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் பானெட்டுக்குள் காதை நீட்டி, வால்வு பக்கம் லூஸ், டாப்பெட் சத்தம் என்றார். இறுக்கித் தந்தார். மறுநாள் மேம்பாலத்தில் அதே கோலிக்குண்டு.

அண்ணனுக்கு நான் வெளியே போனதே பிடிக்கவில்லை.

“டாப்பெட்டாம் டாப்பெட்டு. டாப்பெட்னா எப்பவும்லா கேக்கணும்? இது பெட்ரோல்ட்டி. கலப்படம். பங்க்கை மாத்து.”

பங்க்கை மாற்றினேன். விலை கூடிய பெட்ரோலைப் போடச் சொன்னான், போட்டேன். சத்தம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான், அண்ணன் ஜெயித்துவிட்டான். “பாத்தியா?” என்று நாலைந்து தடவை கேட்டான். அடுத்த வாரம் வெயில் ஏறியதும் சத்தமும் பழையபடி ஏறிக்கொண்டது. நான் போன் செய்தேன்.

“நீ மெதுவா ஏத்தணும்ட்டி.”

“பின்னாடி பஸ்காரன் ஹாரன் அடிக்கான்ணே. அவன்ட்ட என்ன சொல்ல? எங்க அண்ணன் மெதுவாப் போகச் சொன்னான்னா?”

ஞாயிறு வந்தான். டைமிங் என்றான். பிளக்கில் நெருப்புப்பொறி நேரத்துக்கு முன்னாலேயே விழுகிறதாம், அதனால்தான் எஞ்சின் அதிர்கிறதாம். பொறி விழும் நேரத்தை அமைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரை லூஸ் செய்து கையால் கொஞ்சம் திருப்பினான், காதால் கேட்டான், இன்னும் கொஞ்சம் திருப்பினான். தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்தோம். சத்தம் இல்லை. நானும் நம்பினேன்.

மறுநாள் காலை பதினோரு மணி வெயிலில், அதே மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில், வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. சத்தம் இல்லைதான். இழுக்கிற சக்தியும் இல்லை. இரண்டாவது கியர், பிறகு முதல் கியர். பானெட் ஓரத்திலிருந்து ஆவி கிளம்பியது. ஓரம் கட்டக்கூட இடமில்லாமல் நடுவிலேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த ஆட்டோக்காரர் தெலுங்கிலும் உருதுவிலுமாக என்னைக் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டுப் போனார். எஞ்சின் சூடு இறங்கும்வரை முக்கால் மணி நேரம் அந்தத் தார் ரோட்டில் நின்றேன். நிழலிலேயே வளர்ந்த செடிகள் என் கண்ணெதிரே கருகின. கம்பெனியில் அவற்றை இறக்கியபோது ஆபீஸ் அம்மா பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அண்ணனுக்கு போன் போட்டேன். அவன் கேட்ட முதல் கேள்வி:

“சத்தம் வந்துச்சா?”

“வரல.”

“அப்ப டைமிங்தான். நான் சொன்னேம்லா?”

போனை வைத்துவிட்டேன். வைக்காவிட்டால் அன்றைக்கு அண்ணன் தங்கை உறவே போயிருக்கும்.

லாலாகுடாவில் ஒரு சந்துக்குள் பழைய பெட்ரோல் வண்டிகளை மட்டும் பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஞாயிறும் கடை உண்டாம். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்தேன். அண்ணன் டூல் பாக்ஸோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டான்.

“நீ நக்கோ, வர வேண்டாம். வீட்ல இரு.”

“அவன் எதைக் கழட்டுறான்னு பக்கத்துல நின்னு பாக்கணும்ட்டி.”

மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். வீட்டில் உருது. ரயில்வே குவார்ட்டர்ஸ்காரர்களோடு பழகிப் பழகித் தமிழ் பேச வரும். அவர் பானெட்டைத் தொடவே இல்லை. முதலில் என்னைக் கேட்டார்: ஏற்றத்தில் மட்டுமா, லோடு இருந்தால் மட்டுமா, எஞ்சின் சூடான பிறகா? மூன்றுக்கும் ஆமாம் என்றேன்.

“எப்பத்திலேர்ந்து? அதுக்கு முன்னால வண்டியில என்ன வேல செஞ்சீங்க?”

யோசித்தேன். “எங்க அண்ணன்தான் கார்புரேட்டரைக் கழட்டி கிளீன் பண்ணாங்க. அதுக்கப்புறம்தான்னு நினைக்கேன்.”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல” என்றான் அண்ணன். கேள்வி அவனிடம் வருவதற்கு முன்பே.

மெக்கானிக் நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒரு துணியில் வரிசையாக வைத்தார். முனை பிஸ்கட் நிறத்தில் இருக்க வேண்டுமாம். நான்கும் சாக்பீஸ் போல வெளுத்திருந்தன.

“பாருங்கம்மா. வண்டி பட்டினியா ஓடுது. பெட்ரோல் பத்தல, காத்து ஜாஸ்தி. அதான் உள்ள கொதிக்குது, அதான் சத்தம். டைமிங் பின்னால தள்ளி சத்தத்த அமுக்கியிருக்கீங்க. வியாதி அப்படியே இருக்கு.”

கார்புரேட்டரைத் திறந்தார். உள்ளிருந்து ஒரு சின்னப் பித்தளைத் திருகை எடுத்தார். நடுவில் ஊசித்துளை. எஞ்சினுக்குப் பெட்ரோல் போகிற வழி அதுதான், ஜெட் என்று பெயர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அதில் பொறித்திருந்த எண்ணை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது இந்த வண்டிக்கு உள்ளது இல்ல. துளை சின்னது. யார் போட்டது?”

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் குனிந்து டூல் பாக்ஸைத் திறந்தான். அடியில் கிடந்த மாத்திரை டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, மெக்கானிக்கின் உள்ளங்கையில் கவிழ்த்தான். இன்னொரு பித்தளைத் திருகு விழுந்தது.

மெக்கானிக் அதன் எண்ணையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “ஹவ், ஆமா, இதுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு மாட்டத் தொடங்கினார். புது பிளக் போட்டார், டைமிங்கை லைட் வைத்துச் சரிசெய்தார். என்னை ஓட்டச் சொல்லி, அவரும் ஏறிக்கொண்டு, பக்கத்தில் இருந்த ஏற்றத்தில் இரண்டு தடவை ஏற்றச் சொன்னார். வண்டி சத்தமில்லாமல் ஏறியது. எனக்குத்தான் உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன்.

“எப்ப தெரிஞ்சுச்சு உனக்கு?”

அண்ணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பெட்ரோல் மாத்துனோம்லா, அப்பவே ஒரு சந்தேகம்.”

“பிறகு கைக்குண்ணே, ஏன் சொல்லல? ரோட்டு நடுவுல நின்னேன். செடியெல்லாம் கருகிப் போச்சு. நீ அந்த டப்பாவ வச்சுக்கிட்டு, சத்தம் வந்துச்சான்னு என்னையவே கேக்க!”

“நீதானட்டி தெனம் புலம்புன, வண்டி பெட்ரோலத் தண்ணியாக் குடிக்குன்னு. சின்ன ஜெட் போட்டா மிச்சமாகும்னு ஒர்க்‌ஷாப்ல ஒருத்தன் சொன்னான். ஆச்சுல்லா? நீகூட சொன்னியே.”

சொன்னேன்தான். முதல் மாதம் பெட்ரோல் கொஞ்சம் குறைவாகவே ஆனது. என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, கிளீன் பண்ணினேன் என்றான். உன் கை பட்டாலே வண்டி தனிதான் என்று, மகள் முன்னாலும் சர்ச்சில் இரண்டு பேர் முன்னாலும் அவனைத் தூக்கிவைத்துப் பேசினேன். அதற்குப் பிறகு அவனால் எப்படிச் சொல்ல முடியும் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் தோன்றியது. தோன்றிய பிறகும் கோபம் போகவில்லை. ஜெட்டை மாற்றியதைக்கூட விட்டுவிடலாம். பங்க் பங்க்காக என்னை அலையவிட்டானே.

இரண்டு ஞாயிறு அவன் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. மூன்றாவது ஞாயிறு கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, “ஆயில் பாக்கவா?” என்று கேட்டான். அண்ணிதான் அனுப்பியிருப்பாள்.

“பாரு. எதையாவது மாத்துனா, மாத்துறதுக்கு முன்னாடி என்ட்ட சொல்லணும்.”

“சரிட்டி.”

“என்னத்தக் கழட்டுனாலும்.”

“சரின்னு சொல்லிட்டேம்லா!” என்று கத்தினான்.

கத்தட்டும் என்று சாவியைக் கொடுத்தேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் அது. போகவில்லை. அவன் பானெட்டை மூடும்வரை பக்கத்திலேயே நின்றேன்.