சிவப்புப் புள்ளி வைக்கிறவர்

பல் குத்தும் குச்சியின் முனையைச் சிவப்புப் பெயின்ட்டில் தொட்டு, உதறி, மூச்சை அடக்கிக்கொண்டு, கட்டை விரல் நீளமே உள்ள ஒரு பிளாஸ்டிக் துண்டின் உட்பக்கத்தில் ஒரு புள்ளி வைக்கிறார் புள்ளியம்மா. கடுகில் பாதிதான் இருக்கும். ஆனால் அது காயும்வரை மின்விசிறி சுற்றக் கூடாது, கதவு திறக்கக் கூடாது, வீட்டுக்காரர் இருமக் கூடாது. காய்ந்ததும் வெளிச்சத்தில் ஒரு முறை திருப்பிப் பார்ப்பார். "இது நான் செஞ்சது. இனிமே எவனும் இதைப் பழசுன்னு சொல்லி ஏமாத்த முடியாது" என்று அந்தத் துண்டிடமே சொல்லிவிட்டு அடுத்ததை எடுப்பார்.

பிழைப்புக்கு அவர் செய்வது பல் செட். மூன்று பல் மருத்துவர்களிடமிருந்து வாய் அச்சு வரும். இவர் பல் செய்து அனுப்புவார். மீதி நேரம் முழுக்க ரிமோட் கார்கள். இன்றைக்குக் கடையில் விற்கிற பொம்மைகள் அல்ல. நாற்பது வருடத்துக்கு முந்தியவை, முழங்கை நீளம் இருப்பவை, ஓட்டுகிறவர் கையிலிருக்கும் பெட்டியில் ஆளுயரத்துக்குக் கம்பி நீட்டிக்கொண்டு நிற்பவை. பரணிலும் படிக்கட்டுக்கு அடியிலும் கிடந்து, சக்கரம் தாங்கும் கை ஒடிந்து, பேட்டரி கசிந்து, பழுப்பேறி வந்து சேரும். பல்லுக்கும் காருக்கும் ஒரே மேசைதான். ஒரு முறை டாக்டருக்குப் போன பொட்டலத்தில் காரின் பல்சக்கரம் ஒன்றும் சேர்ந்து போய்விட்டது. 'இது எந்த பேஷன்ட்டுக்கு?' என்று ஒரு சீட்டு வைத்து அவர் திருப்பி அனுப்பினார்.

வந்த கார்களுக்கு ஒடிந்த பாகம் எங்கும் கிடைக்காது. இவரே வார்க்க வேண்டும். அதற்கும் பல் செட் தூள்தான். பல்லின் நிறம் பார்க்க இவரிடம் பதினாறு மாதிரிப் பற்கள் கோத்த பட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளை வெளேரென்று வேண்டும் என்று கேட்பவர்களிடம், "அறுபது வயசு வாயில பால் பல்லு வெச்சா பேரன்கூட சிரிப்பான்" என்று சொல்லிப் பழுப்பில் ஒரு பல் எடுத்துக் காட்டுவார். காருக்கும் அதே கண், அதே கை. தூளில் நிறம் கலந்து வார்த்து, தேய்த்து, டீத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், நேற்றுப் பிறந்த பாகம் நாற்பது வயதோடு வந்து நிற்கும். பழையதன் பக்கத்தில் வைத்தால் பூதக்கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியாது. அதனால்தான் அந்தப் புள்ளி.

பூதக்கண்ணாடி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். தலையில் பட்டையோடு மாட்டிக்கொள்ளும் கண்ணாடி அது, முதல் சம்பளத்தில் வாங்கியது. அதை வேறு யாரும் தொடக் கூடாது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் வீட்டுக்காரர் ஒரு நாள் மாத்திரை அட்டையில் தேதி பார்க்க அதை எடுத்து மாட்டிவிட்டார். அப்புறம் மூன்று நாளைக்கு அவருக்கு வீட்டில் சூடாக ஒன்றும் கிடைக்கவில்லை.

கோபம் புள்ளியம்மாவுக்கு மூக்கு நுனியில் அல்ல, நகக்கண்ணில் இருக்கிறது. எதைத் தொட்டாலும் வரும். உடைந்த பாகத்தைப் பசை போட்டு ஒட்டி அனுப்புகிறவர்கள் மேல் கோபம். காரை வாங்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுகிறவர்கள் மேல் அதைவிடக் கோபம். "ஓடாத வண்டிக்கு நாலு சக்கரம் எதுக்கு? நாலு செங்கல் போதுமே" என்பார். பழைய காரில் புது மோட்டார் வைப்பதில் அவருக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. சக்கரத்தில் தேய்ந்த பிளாஸ்டிக் புஷ்ஷைத் தூக்கிவிட்டு இரும்பு பேரிங் போட்டுத் தருவதே அவர்தான். "மாத்தறது தப்பில்ல. மாத்தலைன்னு சொல்றதுதான் திருட்டு." அடுத்த அறையிலிருந்து இதைக் கேட்கும் வீட்டுக்காரர், இவள் வண்டியைவிட இவள் பிரஷர்தான் வேகமாக ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே மாத்திரையை எடுத்து வந்து நீட்டுவார்.

ஒவ்வொரு காரும் வீட்டை விட்டுப் போகும் முன் மேலே ஒரு படம், கவிழ்த்து ஒரு படம். இரண்டையும் நோட்டில் ஒட்டி, எங்கெங்கே புள்ளி வைத்தார் என்று பட்டியல் எழுதுவார். அப்படி ஒன்பது நோட்டுகள் ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். ஏழாவது நோட்டில் ஒரு பக்கத்தை மட்டும் பார்க்க முடியாது. அதற்கு முந்தைய தாளோடு சேர்த்து எட்டு இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும். என்ன இது என்று வீட்டுக்காரர் கேட்டபோது, பசை கொட்டிவிட்டது என்றார். பசை கொட்டினால் யாராவது பின் அடிப்பார்களா? அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தின் கதை ஒரு கணக்கு வாத்தியாரிடம் ஆரம்பிக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால், பழைய ரிமோட் கார்க்காரர்களின் கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர். கார் நிறுத்தும் கட்டடத்தின் மொட்டை மாடியில் எல்லாரும் வண்டி ஓட்டும் நாளில், தானே பிரித்துப் பூட்டிய காரைக் கொண்டுவந்தார். அது நேராக ஓடியது. திரும்பினால் மட்டும் ஒரு பக்கம் டயர் உரசியது. இந்த வகைக் கார்களில் முன்சக்கரங்களைத் தாங்க இரண்டு கைகள் உண்டு. பார்க்க இரண்டும் ஒன்றுதான். அடியில் எறும்பு அளவில், இடதுக்கு 'எல்', வலதுக்கு 'ஆர்' என்று எழுத்து இருக்கும். வண்டியைக் கவிழ்த்துப்போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இடம் வலமாகிவிடும். புதியவர்கள் எல்லாருமே ஒரு தடவை இதில் விழுந்து எழுகிறவர்கள்தான்.

புள்ளியம்மா அந்தக் காரைத் திருப்பிப் பார்த்தார். இருபது பேர் சுற்றி நின்றிருந்தார்கள். "சார், பிள்ளைங்களுக்கு நம்பர் லைன் சொல்லித் தர்றீங்கல்ல? அதுல இடது எது, வலது எதுன்னு அவங்களையே கேட்டுட்டு வாங்களேன்" என்றார். மாடியே சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார், காது மட்டும் சிவந்துபோயிற்று. அன்றிலிருந்து அவர் 'இடவலம் சார்'. நியாயமில்லைதான். ஊருக்கு இளைத்தவன் என்றால் எல்லாரும் ஒரு குட்டு வைக்கத்தானே செய்கிறார்கள்.

சரியாக ஒன்பதாம் நாள் அது நடந்தது. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவருடைய காரை முடித்துப் பார்சலில் அனுப்பிவிட்டு, படத்தை நோட்டில் ஒட்ட உட்கார்ந்தார் புள்ளியம்மா. கவிழ்த்து எடுத்த படத்தில், இடது கையில் 'ஆர்' இருந்தது. வலது கையில் 'எல்'. தினம் அடுத்தவர் வாயில் இடவலம் பார்த்துப் பிழைக்கிறவர் அவர். ஒரு பல்லைக்கூட மாற்றி வைத்ததில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று விட்டுவிடலாம். சறுக்கிய யானை எழுந்து தபால்காரருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். பத்து நிமிட வேலை. போனை எடுத்தார், வைத்தார். சொன்னால் அது கிளப்புக்குப் போகும், 'இடவலம்' என்ற பட்டம் வாத்தியார் தலையிலிருந்து இறங்கி இவர் தலையில் ஏறும். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி, பின் அடித்தார்.

இந்த வருடக் கண்காட்சி நூலகத்தின் கீழ்த்தளத்தில் நடந்தது. அதில் 'கைபடாதவை' என்று ஒரு பிரிவு உண்டு. தொழிற்சாலையில் பூட்டியபின் ஒரு ஸ்க்ரூகூடத் திறக்காத கார்கள். அதில் ஜெயிக்கும் காரைக் கீழும் மேலும் படம் எடுத்து கிளப் புத்தகத்தில் போடுவார்கள். அசல் இப்படித்தான் இருந்தது என்று எல்லாரும் அதைப் பார்த்துத்தான் தங்கள் வண்டியைச் சரிசெய்வார்கள். இந்த முறை முதல் மேசையில், கண்ணாடிக்குள், தபால்காரரின் கார் உட்கார்ந்திருந்தது.

பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? அந்தப் பழுப்பைக் கலக்க அவருக்கு நாலு நாள் ஆனது. தபால்காரர் ஊர் மாறிப் போகும்போது காரை விற்றிருக்கிறார்; அது ஷோகேஸ்காரரிடம் வந்திருக்கிறது. ஷோகேஸ்காரர் என்பவர் பழைய கார்களை வாங்கி விற்கும் ஒருவர். கையில் எப்போதும் வெள்ளை உறை இருக்கும். புள்ளிகளை ஒன்று விடாமல் சுரண்டி, மெருகு போட்டு, 'கைபடாதவை'யில் வைத்துவிட்டார். அடுத்தவர் தோட்டத்துப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சமையலுக்குப் பரிசு கேட்கிற ஆள்.

அதோடு போனாலும் பரவாயில்லை. நடுவர்கள் மூவரும் காரைக் கவிழ்த்து, கைகள் மாறியிருப்பதைப் பார்த்து, தலையை ஆட்டி, தொழிற்சாலையே அப்படித்தான் பூட்டியிருக்கிறது, இத்தனை வருடம் நாம்தான் தப்பாக மாட்டியிருக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.  புள்ளியம்மாவின் தப்பு இனிமேல் சட்டம். ஊரில் உள்ள அத்தனை பழைய கார்களையும் பிரித்து, வலதை இடதில் மாட்டப் போகிறார்கள்.

அப்போதுதான் வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பழிக்குப் பழி வாங்குகிற முகம் இல்லை. பரீட்சையில் தவறாகக் குறைத்த மதிப்பெண் திரும்பக் கிடைத்த பிள்ளையின் முகம். "அக்கா, கேட்டீங்களா? நான் அன்னைக்கு மாட்டினதுதான் சரியாம்" என்றார்.

புள்ளியம்மா நேராக நடுவர் மேசைக்குப் போய், அது தான் செய்த கார் என்றார். ஷோகேஸ்காரர் உறையைச் சரிசெய்துகொண்டே வந்தார். குரலில் தேன்.

"உங்க வேலைன்னா சிவப்புப் புள்ளி இருக்குமே மேடம். ஊருக்கே தெரியுமே. எங்க, ஒரே ஒரு புள்ளி காட்டுங்க பார்ப்போம்."

இருபது வருட நாணயத்தை எடுத்து அவருடைய கன்னத்திலேயே அறைந்த மாதிரி இருந்தது. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டினார்கள். நோட்டுகளைச் சுமந்துகொண்டு கூடவே வந்து பின்னால் நின்ற வீட்டுக்காரர் பையைத் திறந்து, யாரும் கேட்காமலே, ஏழாவது நோட்டை எடுத்து நீட்டினார். "பசைதானே கொட்டிச்சு. பிரிச்சா வந்துடும்" என்றார்.

புள்ளியம்மா நோட்டைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். போனால் ஷோகேஸ்காரருக்குப் பரிசு, வாத்தியாருக்கு மானம், இவருடைய தப்பும் தப்பே இல்லை என்று ஆகிவிடும். மூன்று பேருக்கும் சௌகரியம். அந்தச் சௌகரியத்தை நினைத்ததும்தான் அவருக்குக் கோபம் தலைக்கு ஏறியது, இந்தத் தடவை தன் மேலேயே. பல் செட் மெழுகு வெட்டும் கத்தியைப் பையிலிருந்து எடுத்து, எட்டுப் பின்களையும் ஒவ்வொன்றாக நெம்பினார். நடுவர் கை நீட்டினார். அவரிடம் தரவில்லை. வாத்தியாரிடம் கொடுத்தார்.

"சத்தமா படிங்க சார்."

வாத்தியார் படங்களைப் பார்த்தார், பட்டியலைப் பார்த்தார், கடைசி வரிக்கு வந்ததும் நோட்டை மூடிவிட்டார். "போட்டோவும் லிஸ்டும் போதும் அக்கா. கடைசி வரி எதுக்கு?" என்றார் மெதுவாக.

"அதைத்தான் முதல்ல படிக்கணும்."

வகுப்பில் படிக்கிற குரலில் அவர் படித்தார்: "முன் கைகள் இரண்டும் இடம் வலம் மாறிவிட்டன. என் தவறு. பார்சல் போய்விட்டது. யாரிடமும் சொல்லவில்லை."

நூலகத்தின் கீழ்த்தளம் நூலகம்போலவே ஆகிவிட்டது. ஷோகேஸ்காரர் ஏதோ ஆரம்பித்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீங்க மாட்டினதும் தப்பு சார், நான் மாட்டினதும் தப்பு" என்றார் புள்ளியம்மா. கோபம் இன்னும் இறங்கவில்லை, அதே அதட்டல்தான். "உங்க தப்பை இருபது பேருக்கு முன்னாடி சொன்னேன். என்னோடதைப் பின் அடிச்சு வெச்சேன்."

நடுவர்கள் பெட்டியைத் திறந்து காரை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்கள். பட்டியலில் ஒன்பது இடம் எழுதியிருந்தது; ஒன்பது இடத்திலும் சுரண்டிய தடம் இருக்கிறதா என்று யாராவது பார்க்க வேண்டும். மூத்த நடுவர் தன் கண்ணாடியைத் தேடினார். புள்ளியம்மா அதற்குள் தன் நெற்றியில் இருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி, பட்டையை இரண்டு துளை தளர்த்தி, வாத்தியாரின் தலையில் மாட்டிவிட்டார்.