கொடி சைக்கிளை முந்தக் கூடாது

ஜான்சன் ஒவ்வொரு வருஷமும் வேளாங்கண்ணிக்குக் கடைசி ஆளாகத்தான் போய்ச் சேர்ந்தான். ஆகஸ்ட் கடைசியில் ஆம்பூரிலிருந்து கிளம்பும் சைக்கிள் கூட்டத்தில் ஆறு வருஷம் போனான். ஆறு வருஷமும் அதே கதை. எல்லோரும் கோயில் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட பிறகுதான் வேர்த்து விறுவிறுத்து வந்து நிற்பான். அவன் மனைவி மெர்சி வேலை செய்யும் ஷூ கம்பெனியின் பஸ்ஸில் மற்ற பெண்கள் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது அவளுக்கு மானம் போகும். வீட்டுக்கு வந்து அவனைப் பிடித்துக்கொள்வாள்.

"உனக்கு கால்ல தெம்பே கெடையாதா? வயசானவங்ககூட உனக்கு முன்னாடி போய்ட்டாங்களாம். இன்னாத்துக்கு போறே நீ?"

ஜான்சன் சிரித்துக்கொண்டே சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விடுவான். ஒரு பதிலாவது சொல்லி வைத்திருக்கலாம், மனுஷன். சொல்லவில்லை.

மகள் ஸ்டெல்லாவுக்குச் சின்ன வயசில் அடிக்கடி வலிப்பு வரும். வேலூர் ஆஸ்பத்திரி மாத்திரையும் நடந்தது, மாதாவுக்கு வேண்டுதலும் நடந்தது. பிள்ளைக்கு நல்லபடியாக ஆனால் ஏழு வருஷம் சைக்கிள் மிதித்து வருகிறேன் என்று ஜான்சன் நேர்ந்துகொண்டான். வலிப்பு நின்றது. இப்போது அவள் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தின இந்தத் தவக்காலத்தில் மஞ்சள் காமாலை முற்றி ஜான்சன் போய்விட்டான். வேண்டுதலில் ஒரு வருஷம் பாக்கி.

அந்த ஒரு வருஷம் மெர்சியின் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொண்டது. மாதா அப்படியெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று ஃபாதர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். ஆனால் ஸ்டெல்லா போன் எடுக்கக் கொஞ்சம் தாமதமானாலும் மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தாள். நேர்ந்துகொண்டவர் போய்விட்டால் வீட்டில் ஒருவர் அதை முடித்து வைக்க வேண்டும். அவளை விட்டால் வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

கூட்டத்துக்குத் தலைவர் ஆரோக்கியசாமி, அவள் வேலை செய்யும் கம்பெனியிலேயே லைன் சூப்பர்வைசர். ஞாயிறு பூசை முடிந்து கோயில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து திட்டம் போடுவார்கள். வருகிறவர்கள் யாரும் சைக்கிள் வீரர்கள் இல்லை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் மிதிக்கிறவர்கள், பாதிப் பேர் அதையும் விட்டு ஸ்கூட்டருக்கு மாறினவர்கள். அவர்களை வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம், சிதம்பரம் வழியாகக் கடற்கரை வரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ராத்திரி எந்தப் பள்ளிக்கூடத்தில் படுப்பது, சோறாக்கும் சாமான் வண்டி எங்கே காத்திருப்பது, பஞ்சரானால் யார் ஒட்டுவது எல்லாம் ஆரோக்கியசாமிக்கு அத்துப்படி. கெட்டிக்காரர்தான், அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் கம்பெனிக்காரர் கம்பெனி மாதிரித்தானே யோசிப்பார்? லைன் போர்டில் எழுதுவது போல மணிக்கு இவ்வளவு தூரம் என்று டார்கெட் வைத்தார். முதல் ஆள் ஸ்டாப்புக்கு வந்ததும் ஒரு விசில், ரெஸ்ட் ஆரம்பம். மறு விசிலுக்கு எல்லோரும் கிளம்ப வேண்டும். கம்பெனியில் டீ மணியும் அப்படித்தான். உன் மேஜையில் வேலை தேங்கி நின்றால், மற்றவர்கள் டீ குடிக்கும் நேரத்தில் நீ தைத்து முடித்தாக வேண்டும். பழகிப்போனதால் அதை யாரும் அநியாயமாக நினைத்ததே இல்லை.

தானும் வருவதாக மெர்சி சொன்னதும் ஆரோக்கியசாமி யோசித்தார்.

"நீ சாமான் வண்டில வா, தங்கச்சி. ஜான்சன் சைக்கிள நம்ம ஆளுங்க யாராவது மிதிப்பாங்க. வேண்டுதல் முடிஞ்ச மாதிரிதான்."

"மாதிரி வேணாம்ணா. நான் மிதிக்கிறேன்."

அவருக்கு நல்ல மனசு. ஜான்சனின் சைக்கிள் சீட்டை இறக்கிக் கொடுத்தார். ஒரு ஞாயிறு பள்ளிகொண்டா வரை போய்ப் பார்ப்போம், முடிந்தால் வா என்றார்.

அந்த ஞாயிறு மாதனூரில் சம்பந்தம் வந்து சேர்ந்துகொண்டார். குடியாத்தத்தில் பவர்லூம் ஓட்டி லுங்கி நெய்கிறவர். இந்துதான், ஆனால் மாதா மேல் நம்பிக்கை வைத்து வருஷா வருஷம் வருகிறவர். பஞ்சுத்தூசியில் கெட்டுப்போன நெஞ்சு. கொஞ்ச தூரம் மிதித்தாலே இளைக்கும். அவரும் மெர்சியும் பின்தங்கினார்கள். லாரி ஒவ்வொன்றும் தாண்டும்போது காற்றில் ஹேண்டில் பார் ஆடியது. அடுத்த ஸ்டாப்பில் இவர்கள் போய் இறங்குவதற்கும் கிளம்பும் விசில் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. மற்றவர்கள் டீ டம்ளரை வைத்துவிட்டு வேர்வை காய்ந்த முகத்தோடு ஏறினார்கள். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் அதுவேதான். மெதுவாக வருகிறவனுக்குத்தான் ரெஸ்ட் தேவை, அவனுக்குத்தான் அது கிடைப்பதில்லை என்பதை மெர்சி மிதித்து மிதித்தே தெரிந்துகொண்டாள்.

பள்ளிகொண்டாவுக்கு முன்னால் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தமும் இறங்கினார்.

"நீங்க போங்கண்ணா. என்னால உங்களுக்கும் லேட்டு."

"எனக்கு இன்னாம்மா லேட்டு. எப்பவும் நாந்தான் கடைசி." மூச்சு வாங்கிக்கொண்டார். "இல்ல, எனக்கும் பின்னாடி ஜான்சன் வருவாரு."

"அவருக்கு தெம்பு அவ்ளோதாண்ணா."

சம்பந்தம் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அவருக்கா? மொத வருஷம் முன்வரிசைல போனவரும்மா அவரு. போளூர் தாண்டி நான் மூச்சு முட்டி ரோட்டோரம் விழுந்துட்டேன். யாரும் கவனிக்கல. ஆளக் காணோமேன்னு அவரு ஒருத்தர்தான் திரும்பி வந்தாரு. அன்னிலேர்ந்து என்ன முன்னாடி விட்டுட்டு பின்னாலயே வருவாரு. நான் உக்காந்தா அவரும் உக்காருவாரு. நாங்க ஸ்டாப்புக்குப் போறப்ப எல்லாம் கெளம்பிகினு இருப்பாங்க. அந்த மனுஷன் நிம்மதியா ஒரு டீ குடிச்சு நான் பாக்கல. வீட்ல சொல்லலியா?"

தெம்பே கிடையாதா என்று கேட்ட வாயைக் கையால் பொத்திக்கொண்டு மெர்சி அழுதாள். சொல்லியிருந்தால்தான் கேட்டிருப்பாளா? யாரோ ஒருத்தருக்காக நீ ஏன் சாகிறாய் என்று அதற்கும் சண்டை பிடித்திருப்பாள். அது அவளுக்கே நன்றாகத் தெரிந்ததால் அழுகை இன்னும் பொங்கியது. சம்பந்தம் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு சம்பந்தமும் ஆம்பூருக்கு வந்திருந்தார். வேப்பமரத்தடியில் ஆரோக்கியசாமி பேச்சை ஆரம்பித்தார். தங்கச்சியும் சம்பந்தமும் சாமான் வண்டியில் வரட்டும், இல்லாவிட்டால் லீவு முடிவதற்குள் திரும்ப முடியாது என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சம்பந்தம் தரையைப் பார்த்தபடி "சரிங்க" என்றார்.

மெர்சி எழுந்து நின்றாள். "ஒண்ணு கேக்கறேண்ணா. கொடி சைக்கிள யாராவது முந்துவீங்களா?"

மாதா கொடி கட்டின சைக்கிள்தான் முன்னால் போகும். அதை முந்தினால் வேண்டுதல் சேராது என்பது அந்தக் கூட்டத்தின் வழக்கம். நல்ல தெம்புள்ள ஆள்தான் கொடி கட்டுவது என்பதும் வழக்கம். அதனால் அது எப்போதும் ஆரோக்கியசாமியின் சைக்கிளில்தான் இருக்கும்.

"அதெப்படி முந்துவோம்?" என்றார் அவர்.

"அப்ப கொடிய சம்பந்தண்ணன் சைக்கிள்ல கட்டுங்க."

ஆரோக்கியசாமியின் முகம் சுண்டிப்போனது. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்காக அவர் நேர்ந்துகொண்டு எடுத்த கொடி. இறக்கு என்றால் வலிக்காதா?

"எப்ப போய்ச் சேர்றது?" என்றார். "ஒரு நாள் ஜாஸ்தி ஆவும். யாரு லீவு குடுப்பா?"

"லீவு நான் போய் கேக்கறேன். ஒரு நாள் முன்னாடி கெளம்புவோம்." பிறகு போளூரில் நடந்ததைச் சொன்னாள். ஜான்சன் ஏன் கடைசியாக வந்தான் என்பதையும் சொன்னாள். "உங்கள கொற சொல்லலண்ணா. நானே அவர தெம்பில்லாத ஆளுன்னுதான் ஏசிகினு இருந்தேன்."

ஆரோக்கியசாமி சம்பந்தத்தின் பக்கம் திரும்பினார். "நீ விழுந்தது எனக்குத் தெரியாது, சம்பந்தம்," என்றார். "முன்னாடி போறவன் நான். ஒரு தபாகூட திரும்பிப் பாக்கல." கிளம்பும் நாளில் அவரே தன் கையால் கொடியைச் சம்பந்தத்தின் சைக்கிளில் கட்டினார்.

ஃபாதர் ஜெபம் சொல்லி சைக்கிள்களை மந்திரித்து முடித்ததும் எல்லோரும் கொடிக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். "நான் போலாங்களா?" என்று சம்பந்தம் எல்லோரையும் பார்த்துக் கேட்டார், கொடியை ஒரு முறை தொட்டுக் கும்பிட்டுக்கொண்டார். வழியனுப்ப வந்த ஸ்டெல்லா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆரோக்கியசாமி தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரிசையின் கடைசிக்கு வந்தார். அங்கே ஜான்சனின் சைக்கிளோடு மெர்சி நின்றிருந்தாள்.

"நீ நடுவுல போ, தங்கச்சி. கடைசியா நான் வர்றேன்."

"இல்லண்ணா. இது எங்க வீட்டு எடம்."

அவர் சைக்கிளைத் திருப்பி அவளுக்கு முன்னால் போய் நின்றார். கொடி நகர்ந்தது. ஊர் தாண்டும் வரை ஆரோக்கியசாமி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மிதித்தார்.